டே பாஸ்

மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி ஒரு டே பாஸ் வாங்கிவிட்டால் எனக்கு பெங்களூரே சொந்தம். சாதாரண பி.எம்.டி.சி. பஸ் எதிலும் ஏறலாம், எங்கேயும் இறங்கலாம்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை பனசங்கரிக்குக் கிளம்பினேன். பசவனகுடிக்கு முன்பே பஸ் நின்றது. “முந்தெ ஹோகல்லா, இளீரி” என்றார் கண்டக்டர். இறங்கி நடந்தால், புல் டெம்பிள் ரோடு நெடுக வேர்க்கடலைக் குவியல்! கடலேகாய் பரிஷெ. கன்னடக் கார்த்திகையின் கடைசித் திங்களன்று, விவசாயிகள் முதல் விளைச்சலை நந்தியான பசவண்ணனுக்குப் படைக்கும் திருவிழா. கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மா ஒருவர், என் தமிழைக் கேட்டதும் படியைத் தலைதட்டாமல் கோபுரமாக அளந்தார். “சாப்பிடு கண்ணு” என்று இன்னொரு கை அள்ளிப் போட்டார். தோலில் ஈரமண் ஒட்டியிருந்தது.

பனசங்கரிக்கு அன்று நான் போகவே இல்லை.