திருமுறை கண்ட புராணமும் கல்வெட்டும்

சமயங்களின் வரலாறு எழுதப் புகுவார், ஒரு சமயம் புதுநெறிப்பட்ட இடம் யாதென வினவி, ஓர் அரசன் முடிசூடிய யாண்டினையேனும் ஒரு பேரவை கூடிய நாளினையேனும் சுட்டிக்காட்டி அமைதல் வழக்கு. நம் சைவத்திற்கும் அங்ஙனம் ஒரு நாளைக் குறித்து வைத்துளர். தில்லைக் கோயிலில் காப்பிடப்பட்டிருந்த அறை திறக்கப்பெற்று, கறையான் புற்றினுள்ளிருந்து தேவார ஏடுகள் வெளிப்பட்ட நாளே அஃது. அச்செய்தியை விரித்துரைப்பது, உமாபதி சிவாசாரியார் பெயரான் வழங்கும் 45 செய்யுட்களையுடைய திருமுறை கண்ட புராணமாகும்.

இக்காலத்து நூலார் இப்புராணத்தை இருவகையாற் கையாள்கின்றனர். ஒருசாரார், சோழன் மீட்டிலனாயின் தேவாரம் என ஒன்று உலகில் இராது என்பர். மற்றொருசாரார், கல்வெட்டுக்களொடு மாறுபடுதலின் இது வெறுங்கதை என ஒதுக்குவர். இவ்விருசாராரும் அச்சிறுநூலை முதலிலிருந்து ஈறுகாறும் ஓதிற்றிலர் என்பதே எம் துணிபு.

கல்வெட்டுக் கூறுவது யாதெனின், திருவல்லத்துக் கோயிலில் திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் அளிக்கப்பெற்றமை மூன்றாம் நந்திவர்ம பல்லவன் காலத்துச் சாசனத்தாற் பெறப்படுகின்றது. அஃது 9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. முதற் பராந்தகன் காலத்தும் இத்தகைய நிவந்தங்கள் உண்டு. முதல் இராசராசன் அரசெய்தியதோ கி. பி. 985-இல். அவனுக்கு நூறாண்டிற்கு மேலும் முன்னரே கோயில்களிற் பதிகம் பாடப்பட்டதாயின், அவன் மீட்டது யாது என்னும் வினா எழுதல் இயல்பே.

இவ்வினாவிற்கு விடை புராணத்திலேயே உளது. அரசன் ஏடு தேடப் புகுந்தமைக்குக் காரணம் கூறுமிடத்து, அடியார் சிலர் தன்முன் வந்து பாடிய ஓரோர் பதிகத்தைக் கேட்டு உள்ளம் உருகினான் என்றும், முழுவதும் யாண்டுளது என வினவியும் அறிவார் இலராயினர் என்றும் அந்நூல் கூறாநிற்கும். ஆகவே பாடுவார் இருந்தனர் என்பதைப் புராணம் மறுத்ததன்று. அவ்வவ் ஊரார் தத்தம் ஊர்ப் பதிகத்தைப் பாடிவந்தனர். அவையெல்லாம் ஒருங்கு திரண்ட ஒரு நூல் இலதாயிற்று. தேடப்பட்டது அம்முழுமையே. இவ்வாறு கொள்ளின், புராணமும் கல்வெட்டும் ஒன்றையொன்று அழியா.

பிற சமயத்தார் வரலாற்றையும் ஈண்டு ஒருசிறிது நோக்குக. ஈழத்துப் பௌத்தர் வட்டகாமணி அரசன் காலத்தில், கி. மு. முதல் நூற்றாண்டில், அதுகாறும் வாயாற் காத்த பிடகங்களை ஏட்டில் எழுதினர். யமாமாப் போரிற் குர்ஆனை நெஞ்சிற் கொண்டார் பலர் மாண்டமையால் அபூபக்கர் அதனைத் தொகுப்பித்தார் என்பது இசுலாமியர் மரபு. அவ்விடங்களில் ஓதுவாரது நா அவியும் என்னும் அச்சத்தால் எழுத்து எழுந்தது. நம்மிடத்தோ எழுத்தைச் செல் தின்றது. எஞ்சிய எழுத்திற்கு உயிர் தர ஒரு நாவைத் தேடிச் செல்ல நேர்ந்தது. இதனைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும்.

புராணத்தின் முற்பகுதி யாவரும் அறிந்ததே. திருநாரையூர்ப் பொள்ளாப் பிள்ளையார் அருளால் நம்பியாண்டார் நம்பி ஏடுகள் உள்ள இடத்தை அறிவித்தமையும், மூவர் கையிலச்சினை இட்ட அறையாதலின் மூவரும் வந்தாலன்றித் திறத்தற்கில்லை எனத் தில்லைவாழந்தணர் கூறியமையும், அரசன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து திறப்பித்தமையும், புற்றின்மேல் எண்ணெய் சொரிந்து ஏடெடுத்தமையும் சொற்பொழிவாளர் வாயில் நாளும் வழங்குகின்றன. பலரும் ஆண்டே நின்றுவிடுகின்றனர். அதன் பின்னரன்றோ நூலின் உயிர்ப்பகுதி உளது! ஏடு கிடைத்தது, பண் கிடைத்திலது. நம்பியும் அரசனும் வேண்ட, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணுக்குப் பண்முறை அருளப்பெற்றுளது எனத் திருவருள் உணர்த்துகின்றது. அவ்வம்மையாரைக் கொண்டே பண்ணடைவு வகுக்கப்பெறுகின்றது. அரசன் பெயர் உண்டு, நம்பி பெயர் உண்டு. அவ்வம்மையார் பெயரைப் புராணம் கூறிற்றிலது.

கதை புனைவார் ஒருவர் அரசன் புகழையும் தில்லையின் பெருமையையும் பெருக்குதலே கருத்தாகக் கொண்டனராயின், ஏடு கண்ட அளவில் நூலை முடித்திருப்பர். பாணர் குடிப்பெண் ஒருத்தியின் வாயின்றித் தேவாரம் நிறைவெய்தாது என்னும் செய்தியை இறுதியில் வைத்தற்கு ஒரு காரணமும் இல்லை, அஃது உண்மை மரபாய் வழங்கினாலன்றி. இப்பகுதியை யாம் பெரிதும் நம்புதற்குக் காரணம் இதுவே. எம் இளமையில் மடத்திற் பயிலுங்கால், முதிய ஓதுவார் ஒருவரிடம் ஒரு பதிகத்தின் ஏழாம் பாட்டிற்குப் பாடம் யாது என வினவினேம். அவர் நூலைத் தொட்டிலர். முதற்பாட்டிலிருந்து பண்ணொடு பாடிக்கொண்டு வந்து, ஏழாவதை எய்தியபின்னரே, "இதுதான்" என்றார். எழுத்து அவர்க்கு இசையினுள் இருந்தது.

இனி, நூலின் அமைப்பே கூறும் சான்று ஒன்று உளது. சம்பந்தர் பதிகங்கள் முதல் மூன்று திருமுறைகளிலும், நாவுக்கரசர் பதிகங்கள் அடுத்த மூன்றிலும், சுந்தரர் பதிகங்கள் ஏழாவதிலும் நிற்கின்றன. அவற்றுள் அடைவு பெரும்பாலும் பண்பற்றியது. நாவுக்கரசர்க்கு மட்டும் குறுந்தொகையும் தாண்டகமும் தனித்தனித் திருமுறையாயின. எனினும், சீகாழித் தோணிபுரத்தில் பிள்ளையார் பாடிய முதற் பதிகம் முதல் திருமுறையின் தலையிலும், நல்லூர்ப்பெருமணத்துப் பதிகம் மூன்றாவதன் இறுதியிலும் நிற்கின்றன. நாவுக்கரசர் சூலை நோய் தீரப் பாடியது நான்காவதன் முதலிலும், புகலூரிற் பாடியது ஆறாவதன் ஈற்றிலும் உள்ளன. சுந்தரரது வெண்ணெய்நல்லூர்ப் பதிகம் முதலாக, நொடித்தான்மலைப் பதிகம் நூறாவதாக ஏழாந் திருமுறை அமைந்துளது. பண்ணொன்றையே கருதித் தொகுத்தார்க்கு மூவரிடத்தும் முதலும் ஈறும் இங்ஙனம் ஒருங்கே பொருந்துதல் தற்செயலாமோ? பண்ணடைவினுள் வரலாற்றை அடக்கி வைத்த ஒரு கை ஈண்டுக் காணப்படுகின்றது. நம்பியின் பெருமை ஏடு கண்டதினும் இவ்வமைப்பில் மிகுதி என்பேம்.

அற்றாயினும், புராணம் கூறுவன யாவும் ஒரு காலத்தே நிகழ்ந்தன எனக் கோடல் இயலாது. ஒன்பதாந் திருமுறையிற் கருவூர்த்தேவர் கங்கைகொண்ட சோழேச்சரத்தைப் பாடியுளார். அக்கோயில் முதல் இராசேந்திரன் கங்கைப் படையெடுப்பின் பின், அஃதாவது கி. பி. 1023-ஐ ஒட்டிய காலத்திற்குப் பின், எழுந்தது. முதல் இராசராசன் ஆட்சியோ 1014-இல் முடிந்தது. அவன் காலத்தே அத்திருமுறை இன்றுள்ளபடி நிரம்பிற்று என்றல் எங்ஙனம்? புராணம் கூறும் அபயகுலசேகரன் இவனே எனத் துணிதலும் எளிதன்று. நம்பியின் அந்தாதியைத் தமக்கு வகைநூலாகப் போற்றிய சேக்கிழாரும் ஏடு கண்ட வரலாற்றைப் பாடிற்றிலர். தொகுப்புப் பல தலைமுறையாகப் படிப்படியே வளர்ந்ததெனக் கொள்ளுதலே பொருத்தம்.

இராசராசன் செய்ததாக ஐயமின்றி அறியக்கிடப்பது தஞ்சைக் கல்வெட்டில் உளது. பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்தான். இறந்தார் இடத்தில் உறவினர் பாடுக. அவர் தகுதியிலரேல் தக்காரைத் தேர்க எனவும் விதித்தான். பரம்பரையும் வேண்டும், தகுதியும் வேண்டும் என்னும் அவ்விதி, ஒரு மரபு அறாது நிற்றற்கு எவையெவை வேண்டும் என அறிந்தான் ஒருவன் விதியாகும். அறை திறந்த அரசன் எவனாயினும் ஆகுக. இவ்விதி எழுதுவித்தவனை யாம் மறவோம்.

தொகுப்பினால் ஒரு நட்டமும் நேர்ந்தது. ஒருமுறை நூல் என வரையறுக்கப்பட்டபின், அதனுள் அகப்படாதது இல்பொருள்போல் ஆயிற்று. திருவாரூர்ப் பகுதியைச் சார்ந்த திருவிடைவாய்க் கோயிற் சுவரிற் சம்பந்தர் பதிகம் ஒன்று வெட்டப்பட்டிருந்தமை, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அறிஞர் கண்ணிற்பட்டது. எந்த ஏட்டிலும் அஃது இலது. ஏடு கண்டார் அவ்வூர்க்குச் சென்றிலர் போலும். அன்றித் தில்லை ஏட்டில் அதனைச் செல் தின்றிருக்கலாம். அவ்வூரார் அதனைக் கல்லில் எழுதிக் காத்தனர். தில்லையில் அழிந்தமை கண்டு வருந்திய அரசற்கு, இக்காலத்துக்கு வேண்டுவனவே வைத்தோம் என வானொலி எழுந்ததாகப் புராணம் கூறும். அத்தேற்றுரையைப் பத்தியொடு போற்றுவேம். ஆயினும், அதனைக் காரணமாகக் கொண்டு தேடுதலை நிறுத்துதற்கு ஒருப்படேம். விடைவாய்ப் பதிகமும் வைத்தவற்றுள் ஒன்றேயன்றோ?

முதற் குலோத்துங்கன் படைத்தலைவனாகிய நரலோகவீரன் மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்துத் தில்லையில் வைத்தான் என்பது அவனைப் புகழும் தில்லைக் கல்வெட்டு வெண்பாக்களால் விளங்குவது. அச்செப்பேடுகளின் செய்தியைப் படிக்குந்தோறும் ஏங்கியிருந்த எமக்கு, 2023 ஏப்பிரலில் சீகாழிச் சட்டைநாதர் கோயிலில் வேள்விச்சாலைக்கு மண் அகழ்ந்துழித் தெய்வத் திருமேனிகளொடு தேவாரம் பொறித்த செப்பேடுகள் 400-க்கும் மேற்பட்டன வெளிப்பட்டன என்னும் செய்தி கண்ணீர் வருவித்தது. பிள்ளையார் பிறந்த ஊரிலேயே அவை கிடைத்தன. அவற்றின் முன் கற்பூரம் காட்டுதல் தகும். அதனோடு அமைதல் தகாது. ஒவ்வோர் ஏட்டின் பாடமும் அச்சுநூற் பாடத்தொடு எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கப்படல் வேண்டும். அங்ஙனம் நோக்குவார் பதிகத்தின் தலையிற் பண் குறிக்கப்பட்டுளதா என முதற்கண் காண்க. அடுத்து, விடைவாய்ப் பதிகம் அவற்றுள் உளதா எனத் தேடுக.