சேலத்து வெயிலில் எந்தத் தக்காளி காய்க்கும்?

விதைப் பாக்கெட்டின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்துத் தக்காளி ரகம் தேர்ந்தெடுப்பவர்கள்தான் நம்மில் அதிகம். கொத்துக் கொத்தாகக் காய், பளபளவென்று சிவப்பு. அந்தப் படம் எடுத்த ஊரில் ராத்திரி எவ்வளவு குளிரும் என்பதைப் பாக்கெட் சொல்லாது. சேலம், நாமக்கல் சமவெளியில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

சேலத்தில் மொட்டை மாடியில் க்ரோபேக்கிலும், ராசிபுரம் பக்கம் அம்மா வீட்டுக் கொல்லையில் செம்மண் பாத்தியிலும் நான்கு வகைத் தக்காளியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்தேன்: பி.கே.எம். 1, அர்கா ரக்ஷக், விதைக் கடையில் 'பெங்களூர் தக்காளி' என்று தரும் ஒரு தனியார் வீரிய ஒட்டு, செர்ரி தக்காளி. மண் கலவை, உரம், தண்ணீர் எல்லாம் நான்குக்கும் ஒன்றே. ஐப்பசியில் விதைத்து ஒரு போகம், மாசியில் விதைத்து இன்னொரு போகம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பையூர் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்று தந்த பையூர் 1 ரகத்தையும் சேர்க்க ஆசைதான். விதை கிடைக்கவில்லை.

முதலில் வெயிலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்கு அடங்கியதுதான். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிப்பது. தேனீ வந்தால் நல்லது, காற்று அசைத்தாலும் போதும். ஆனால் பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 22, 23-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வலுவிழந்துவிடும். சேலத்தில் சித்திரை வந்தால் பகல் 38-ஐக் கடந்து 40-ஐத் தொடுகிறது. ராத்திரி 25-க்குக் கீழே வருவதே அரிது. மாடியிலோ பகலெல்லாம் காய்ந்த தளம் நள்ளிரவு வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பூக்காம்பின் நடுவே சின்னதாக ஒரு கணு இருக்கும். வெயில் தாங்காத செடியில் அந்தக் கணு மஞ்சளாகும், மறுநாள் விரல் பட்டாலே பூ கழன்று கையோடு வந்துவிடும். செடி பச்சைப் பசேல் என்று நிற்கும், தினமும் பூக்கும், காய் மட்டும் பிடிக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுகிறவர்கள் உண்டு. அதனால் பயனில்லை. தப்பிப் பிழைத்து வந்த காயும் 30 டிகிரிக்கு மேல் ஒழுங்காகச் சிவக்காது, செம்மஞ்சளிலேயே நின்றுவிடும். சிவப்பு நிறம் தரும் லைகோபீன் அந்தச் சூட்டில் சரியாக உருவாவதில்லை.

இனி ரகங்களுக்கு வருவோம்.

பி.கே.எம். 1, பெரியகுளத்தில் உருவானது. தேனிப் பக்கம் அன்னஞ்சி என்ற பெயரில் விளைந்த உள்ளூர்த் தக்காளியில் செயற்கையாகத் திடீர் மாற்றம் உண்டாக்கி, அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம். 1970-களின் கடைசியில் வெளிவந்து இன்றும் நிற்கிறது. சந்தையில் 'நாட்டுத் தக்காளி' என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்த உருவம்தான்: தட்டையான உருண்டை, காம்பைச் சுற்றிக் கரும்பச்சைத் தோள். செடி இடுப்பளவுகூட வளராது. பக்கக் கிளை விட்டுப் புதராகப் பரவும். க்ரோபேக்குக்கு ஒரு குட்டைக் குச்சி போதும், பந்தல் கட்டும் வேலையில்லை.

அந்தப் பச்சைத் தோளைப் பற்றிச் சொல்லாமல் இந்த ரகத்தை மதிப்பிட முடியாது. கடைக்காரர்கள் அதைக் குறையாகப் பார்க்கிறார்கள், பழம் சீராகப் பழுக்கவில்லை என்கிறார்கள். உலகம் முழுக்கவே சுமார் 70 ஆண்டுகளாக, காய் ஒரே சீரான வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 2012-ல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, அதனால் இழந்தது என்ன என்று காட்டியது. காயின் தோளைக் கரும்பச்சையாக்கும் மரபணுதான் காய்க்குள் பச்சையத்தைக் கூட்டி, காயே கொஞ்சம் சர்க்கரை தயாரிக்கவும் வழி செய்கிறது. சீராகப் பழுக்கும் ரகங்களில் அந்த மரபணு செயலிழந்திருக்கிறது. ஆகவே அடுத்த முறை உழவர் சந்தையில் பச்சைத் தோளுள்ள தக்காளியைக் கண்டால் ஒதுக்கித் தள்ளாதீர்கள்.

ருசியில் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க, பி.கே.எம். 1-ல் ஒன்றும் அர்கா ரக்ஷக்கில் ஒன்றுமாக இரண்டு ஈயச் சொம்பில் ரசம் வைக்கச் சொன்னேன். எது எந்தத் தக்காளி என்று சாப்பிட்டவர்களிடம் சொல்லவில்லை. எல்லாருமே முதல் சொம்பைத்தான் மறுபடி கேட்டார்கள். "இதுக்குப் புளியே கரைக்கல கண்ணு, தக்காளிப் புளிப்பே போதும்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா. பழத்தை நறுக்கினால் காரணம் தெரியும். சதை குறைவு, விதையைச் சூழ்ந்த கொழகொழப்பான சாறு அதிகம். புளிப்பு அதில்தான் இருக்கிறது. ரசத்துக்கும் கடைசலுக்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. தொக்குக்குத்தான் நேரம் பிடிக்கும், தண்ணீர் சுண்ட வேண்டுமே.

குறையும் உண்டு. ஐப்பசி விதைப்பில் தையிலும் மாசியிலும் கை நிறையக் கொடுத்த அதே ரகம், மாசி விதைப்பில் கொல்லையில் இலை சுருண்டு நின்றுவிட்டது. நுனி இலைகள் மேல்நோக்கிக் கிண்ணமாகக் குவிந்தன, ஓரம் மஞ்சளானது, கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையானது. இலைச்சுருட்டு வைரஸ். அது வந்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எறிவதுதான் வழி.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இந்த நோய் கூடுதலாகக் கவலை தர வேண்டியது. இலைச்சுருட்டைப் பரப்புவது வெள்ளை ஈ. மரவள்ளியில் தேமல் நோயைப் பரப்புவதும் வெள்ளை ஈதான். ஆத்தூரிலிருந்து ராசிபுரம், நாமக்கல் வரை ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி விளையும் மண் இது. ராசிபுரம் கொல்லையில் வேலிக்கு அந்தப் பக்கமே மரவள்ளிக் காடு. காலையில் வெயில் ஏறுமுன் தக்காளி இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பொடி தூவினாற்போல் உட்கார்ந்திருக்கும், தொட்டால் பறக்கும். சேலம் மாடியில் அந்த அளவு இல்லை. ஒரே விதை, ஒரே கலவை, ஆனாலும் மாடியில் தப்பிய பி.கே.எம். 1 செடிகள் கொல்லையில் தப்பவில்லை.

அங்கே நின்றது அர்கா ரக்ஷக். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஏ.டி. சதாசிவா குழுவினர் உருவாக்கிய வீரிய ஒட்டு ரகம். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் ஆகிய மூன்றையும் எதிர்த்து நிற்கும்படி உருவாக்கியிருக்கிறார்கள். கொல்லையில் சுருண்டு போன செடிகளுக்கு நடுவே இது மட்டும் விரிந்த இலையோடு நின்றதைப் பார்த்தபோது, இந்த ஆராய்ச்சிக்குச் செலவழித்த வரிப்பணம் வீண்போகவில்லை என்று தோன்றியது. பழம் 90, 100 கிராம் வரும், கெட்டி. வெயில் நாளில் சமையலறையில் வெளியே வைத்தாலும் ஒரு வாரம் தாங்குகிறது. தட்டுவடை செட்டுக்கு வட்டமாக நறுக்கினால் விதை வழியாமல் அப்படியே நிற்கும். தொக்கு சீக்கிரம் திரளும். தோல் தடிப்பு, ரசத்தில் சுருள் சுருளாக மிதக்கும். புளிப்பு போதாது, புளி கரைத்தாக வேண்டும். செடி உயரமாகப் போவதால் நல்ல குச்சி ஊன்றிக் கட்ட வேண்டும்.

பி.கே.எம். 1 ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன், அர்கா ரக்ஷக் 75 முதல் 80 டன் என்று நிறுவனங்கள் சொல்லும் கணக்கை வைத்து வீட்டுத் தோட்டத்துக்கு முடிவு செய்யக் கூடாது. அது சொட்டுநீர், அடர் உரம், நல்ல பட்டம் எல்லாம் கூடிய வயலின் கணக்கு. மாடியில் ஐப்பசி விதைப்பில் இரண்டுக்கும் அத்தனை பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

தனியார் வீரிய ஒட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அழகான முட்டை வடிவப் பழம், ருசியில் அர்கா ரக்ஷக்குக்கும் கீழே, கொல்லையில் இலைச்சுருட்டையும் தாங்கவில்லை. லாரியில் தூரம் போக வேண்டிய தக்காளி அது. வீட்டுக்கு எதற்கு?

செர்ரி தக்காளியைப் பலரும் ஹோட்டல் சாலட்டுக்கான பண்டம் என்று தள்ளிவிடுகிறார்கள். சித்திரையில் மற்ற மூன்றும் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தபோது கொஞ்சமாவது காய்த்தது இது ஒன்றுதான். சிறு பழ வகைகள் பொதுவாகவே சூட்டில் நன்றாகக் காய் பிடிக்கும். கொடியாக ஓடும், மாடிக் கைப்பிடியில் கயிறு கட்டி ஏற்றலாம். பறிக்கப் பொறுமை வேண்டும். நாலு பேர் வீட்டுக் குழம்புக்கு ஒரு செடி காணாது. ஆனால் குழந்தைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்கிறார்கள், அதற்காகவே ஒரு செடி வைக்கலாம்.

எந்த ரகமானாலும் இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். தென்னை நார்க் கழிவு மட்டும் நிரப்பிய பை மதியத்துக்குள் காய்ந்துவிடும். பாதியாவது செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்தால் ஈரம் நிற்கும். ஈரம் ஏறி இறங்கினால் செடியால் சுண்ணாம்புச் சத்தைக் காய்க்குக் கொண்டுசேர்க்க முடியாது, காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கும். நம் போர் தண்ணீரில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் சீரான ஈரத்துக்குத்தான். இரண்டாவது, கோழி எரு. நாமக்கல் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று பச்சையாகக் கொட்டாதீர்கள், வேரைச் சுடும். மக்கியதையும் அளவோடு போடுங்கள், மிஞ்சினால் இலைதான் தழைக்கும். மூன்றாவது, பங்குனி தொடங்கியதும் மேற்கு வெயிலை மறைக்கப் பச்சை வலை. அதனால் ராத்திரிச் சூடு குறையாது, ஆனால் பழத்தில் வெயில் பட்டு வெளுக்கும் காயம் வராது.

என் முடிவு இது. ஒரே ஒரு ரகத்துக்குத்தான் இடம் என்றால் பி.கே.எம். 1 வையுங்கள். ஐப்பசிக் கடைசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, கார்த்திகையில் நட்டால், பூ மார்கழிக் குளிரில் வரும். ராத்திரி 20 டிகிரிக்கு அருகில் இறங்கும் மார்கழி, தை இரண்டு மாதம்தான் நம் சமவெளியில் தக்காளிக்கு வாய்த்த காலம். பக்கத்தில் மரவள்ளிக் காடு இருந்தாலோ, போன வருடம் இலை சுருண்டிருந்தாலோ, மாசியில்தான் விதைக்க முடியும் என்றாலோ அர்கா ரக்ஷக் வாங்குங்கள். அந்த நிறுவனத்தின் இணைய விற்பனைத் தளத்திலேயே விதை கிடைக்கிறது. ஆனால் அது ஒட்டு ரகம், பழத்தின் விதையை எடுத்துப் போட்டால் அதே குணம் வராது, ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும்.

பி.கே.எம். 1-க்கு அந்தத் தேவை இல்லை. நோயில்லாத செடியில் நன்கு பழுத்த பழமாகப் பார்த்து, சாறோடு விதையை ஒரு டம்ளரில் வழித்து இரண்டு நாள் புளிக்க விடுங்கள். கழுவி, நிழலில் உலர்த்தி, காகிதத்தில் மடித்து வையுங்கள். ஒரு பழத்து விதை உங்கள் தெரு முழுவதற்கும் காணும். அடுத்த ஐப்பசிக்கு முன்னால் அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காவது கொடுங்கள்.