பழைய பாத்டப்: உடைப்பதா, பூசுவதா?

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீடு 1950களில் கட்டியது. கூடவே வந்த வார்ப்பிரும்பு பாத்டப் அடியில் மங்கிச் சொரசொரத்துப் போயிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அழுக்கு விடவில்லை. "எடுத்துட்டுப் புதுசு போட்டுடுங்க" என்றார்கள் நண்பர்கள். 5 அடி வார்ப்பிரும்பு டப் 140 கிலோ அளவுக்கு வரும். பெரும்பாலும் சம்மட்டியால் உடைத்துத்தான் வெளியேற்றுவார்கள். சுவரின் கீழ்வரிசை டைல்ஸும் அதோடு போகும். புது டப்பின் வடிகால் பழைய குழாய்க்கு நேராக அமையாவிட்டால் தரையையும் திறக்க வேண்டும். டப் விலையை விடக் கூலிதான் கையைக் கடிக்கும்.

அதனால் இருக்கும் டப்பின்மேலேயே பூச முடியுமா என்று தெரிந்துகொள்ள, முதலில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. ஃபைபர்கிளாஸிலும் அக்ரிலிக்கிலும் ஒட்டாது. எஃகுத் தகட்டில் ஒட்டும் என்பதால் விரல் முட்டியால் தட்டியும் பார்க்க வேண்டும்: தகடு கணீரென்னும், வார்ப்பிரும்பு தொம்மென்னும். வடிகால் ஓரத்துத் துருவை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினேன். அடியில் கெட்டி இரும்பு. அங்கே ஓட்டை விழுந்திருந்தால் பூச்சைப் பற்றிப் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். மிதித்தால் அமுங்கும் ஃபைபர்கிளாஸுக்கும் அதே தீர்ப்பு, பூச்சு வெடித்துவிடும்.

கடைகளில் விற்கும், இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் எபாக்ஸியை வாங்கினேன். ஒன்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்: இது எனாமல் அல்ல. 1883இல் விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோலர் கால்நடைத் தொட்டிக்குப் பூசி பாத்டப்பாக விற்ற எனாமல், பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் உருகி ஒட்டிய கண்ணாடி. எபாக்ஸி வெறும் பெயின்ட். அந்தக் கடினம் இதற்கு வராது.

பூசுவது சுலபம், உழைப்பெல்லாம் அதற்கு முந்தைய வேலையில். பழைய சிலிகானைத் துளி விடாமல் எடுக்க வேண்டும்; மிச்சம் இருக்கும் இடத்தில் பெயின்ட் வட்டமாக விலகி நிற்கும். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளை நனைத்தே தேய்த்தேன், தூசி பறக்கவில்லை. கலவை ரோலர் தடத்தைத் தானே நிரப்பிக்கொண்டு பளபளவென்று சமமானது. வளைவுகளில் மட்டும் கனமாகப் பூசினால் வழிகிறது. ஜன்னலைத் திறந்துவைத்தும் வாடை வீடெல்லாம் பரவியது. 3 நாள் தண்ணீர் படக்கூடாது. அதன்பின் தேய்ப்புப் பவுடரும் கூடாது, உறிஞ்சி ஒட்டும் ரப்பர் பாயும் கூடாது. பாயை எடுக்கும்போது பூச்சும் உரிந்து வரும்.

அடிப்பகுதி உறுதியான வார்ப்பிரும்பு டப்புக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே ஒருமுறை பூசி உரிந்த டப் என்றால் ஆளை வைத்துச் செய்யுங்கள். ஆனால் பழைய பூச்சை எதைக்கொண்டு கரைக்கப்போகிறார் என்று கட்டாயம் கேளுங்கள். பூச்சைக் கரைக்கும் மெத்திலீன் குளோரைடு என்ற திரவத்தின் ஆவி காற்றைவிடக் கனமானது, டப்புக்குள்ளேயே தேங்கும். குனிந்து வேலை செய்பவர் அதைத்தான் சுவாசிப்பார். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை டப் புதுப்பிக்கும் தொழிலாளர்கள் 13 பேர் இப்படி இறந்ததாக நோய்த் தடுப்பு மையத்தின் 2012 அறிக்கை சொல்கிறது. வேலைக்கு வருபவரின் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்ற பெயர் இருந்தால் வேலையைக் கொடுக்காதீர்கள்.