காதில் வைத்துப் பார்த்த முட்டை

முதல் பதினெட்டு நாளில் எனக்குப் பெரிய சுவாரசியம் கிடையாது. கோழியை அவயம் வைத்த, அதாவது அடைகாக்க உட்காரவைத்த, ஏழாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு கைபேசி வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்து, சிவப்புச் சிலந்தி மாதிரி நரம்பு ஓடியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கூமுட்டை தெரிந்தால் கழித்துவிடலாம். காட்டாமல் விட்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது. என் கணக்கில் பத்தொன்பதாம் நாள் சாயந்தரம்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. முட்டை அப்போதுதான் வாய் திறக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் அடைக்கோழி சாம்பலியின் வயிற்றுக்கடியில் கைவிட்டு, கொத்து வாங்கிக்கொண்டு, ஒரு முட்டையை உருவி எடுத்தேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. கூர்முனை கீழே இருக்க, அகன்ற முனையை அவள் காதோடு ஒட்டிப் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். பிறகு கண் அசையாமல் நின்றது. தீப்பெட்டியை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ரொம்பத் தூரத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு கீச்சு.

"அப்பா, உள்ள ஆள் இருக்கு" என்றாள், ரகசியமாக.

ஓட்டில் அதுவரை ஒரு கீறல்கூட இல்லை. அகன்ற முனையில் இருக்கும் காற்றறைக்குள் குஞ்சு அலகை நீட்டி முதல் மூச்சு இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். மூச்சு வந்ததும் குரலும் வந்துவிடுகிறது. இருபதாம் நாள்வாக்கில் முட்டையைத் திறந்து தொட்டால் குஞ்சு அசையும், கீச்சிடும் என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் ரத்தப்புள்ளி போல் இதயம் துடிப்பதையும் அவர் எழுதியிருக்கிறார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு இருபதாம் நாள் வரிதான் பிடித்தம். ஆனால் அவர் ஏன் திறந்தார்? காதில் வைத்திருக்கலாமே.

சாம்பலியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சிறுவிடைப் பெட்டை. ஒன்றேகால் கிலோ தேறினால் அதிகம். பத்தொன்பது நாளும் யார் கிட்டே போனாலும் இறகைச் சிலுப்பிக்கொண்டு 'குர்ர்' என்ற ஒரே சத்தம்தான். ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்குவாள். நாலு வாய் கம்பு, தண்ணீர், நாற்றம் குடலைப் புரட்டும் ஒரு பெரிய எச்சம், ஒரு மண்குளியல். கால் மணி நேரத்துக்குள் திரும்பவும் கூடையில் ஏறிவிடுவாள். அன்று முட்டையை வெளியே வைத்திருந்த இரண்டு நிமிஷத்தில் உள்ளே இருந்த குரல் உயர்ந்தது, குளிர் தட்டியிருக்கும். திருப்பி அடியில் தள்ளினேன். அவள் தலையைக் குனிந்து, அடித்தொண்டையில், அதுவரை நான் கேட்காத ஒரு சத்தம் கொடுத்தாள். 'கொக்... கொக்' என்று, பக்கத்து அறையில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் பேசுகிற மாதிரி. உடம்பை இடப்பக்கமாகச் சாய்த்து நெஞ்சின் இறகில்லாத சூடான தோலை முட்டைமேல் இறக்கினாள். குரல் அடங்கியது. மகள் அந்தக் கூடைப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள்.

இதனால்தான் பெட்டிக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நண்பர் ஒருவர் தெர்மோகோல் பெட்டியில் பல்பு, சின்ன ஃபேன், தெர்மோஸ்டாட் எல்லாம் வைத்து 37.5 டிகிரியில் பொரிக்கிறார். கண்ணாடி மூடி வழியாகத் தெருப்பிள்ளைகள் எல்லோரும் பார்க்கலாம், கோழி கொத்தாது, எந்த மாசத்திலும் வைக்கலாம் என்பார். எல்லாம் சரி. ஆனால் ஃபேன் இரைச்சலில் அந்தக் கீச்சு காதில் விழுவதில்லை. உள்ளே முட்டைகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும், அது உண்டு. பதில் சொல்லப் பெரியவர் யாரும் இல்லை. அதோடு, பார்க்கிற பிள்ளை மூடியைத் திறக்கச் சொல்லும். திறந்தால் ஈரப்பதம் போய், ஓட்டுக்கடியில் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். மின்வெட்டு பற்றி நான் பேசவில்லை, நண்பர் கோபித்துக்கொள்வார்.

பிரித்துவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். ஒன்பது வயதில் நானும் அந்த ரகம். காலையில் அலகு வைத்த முட்டை மத்தியானம் ஆகியும் அப்படியே கிடந்தது. அப்பத்தா களத்துக்குப் போன நேரம் பார்த்து நகத்தால் ஓட்டைப் பிய்த்தேன். சவ்வில் ரத்தம் கசிந்தது. மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் முழுசாக இழுபட்டிருக்கவில்லை. முதல் கீறலுக்கும் ஓடு கழல்வதற்கும் நடுவில் சில சமயம் ஒரு முழு நாள் போகும். குஞ்சு சும்மா கிடப்பதாக நாம் நினைக்கும் அந்த நேரத்தில்தான் நரம்புகளில் இருக்கும் ரத்தத்தை அது உள்ளே வாங்கிக்கொள்கிறது. அப்புறம் அலகு நுனியில் முளைத்த சின்னப் பல்லால் ஓட்டை வட்டமாக அறுத்து, காலை உதைத்து வெளியே வரும். என்னுடையது ராத்திரி செத்துப்போனது. அப்பத்தா திட்டவில்லை. அடுத்த தடவை நான் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தபோது, "அது வரும்போது வரும், நீ போய்ச் சோறு தின்னு" என்றாள்.

அவள் கூடையை நான் இன்னும் அப்படியே வைக்கிறேன். அடியில் ஆற்றுமணல், செள்ளு ஏறாமல் இருக்க நொச்சித்தழை, இடிக்கு முட்டை கலங்காதிருக்க ஒரு அடுப்புக்கரி, ஒரு இரும்பாணி, ரெண்டு வரமிளகாய். இடிக்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தம் என்று மகள் கேட்டாள். மிளகாய்தான் எனக்கே புரியவில்லை என்றேன். முட்டை மட்டும் ஒற்றைப்படை, பதினொன்று.

இப்போது அவயத்துக்குக் கோழி தேடுவதே பெரிய பாடு. சந்தையில் நாட்டுக்கோழி என்று தருவது பாதிக்குப் பாதி கலப்பு. முட்டை வஞ்சனையில்லாமல் இடும், உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும் என்பதற்காகவே அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். தப்பித்தவறி உட்காருகிற ஒன்றையும் தண்ணீரில் முக்கி எழுப்பிவிடுகிறார்கள். பள்ளிக்கூடக் கண்காட்சி ஒன்றில் பெட்டியில் பொரித்த குஞ்சுகளைப் பார்த்தேன். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். மறுநாள் அந்த இருபது குஞ்சுகளும் அட்டைப்பெட்டியில் ஆளுக்கொன்றாகப் போயின. தாய் இல்லாத குஞ்சுக்கு நொய் எது, கல் எது என்று யார் கொத்திக் காட்டுவார்கள்? எங்கள் வீட்டில் சாம்பலி, பானை கவிழ்த்துப் பிடித்த கரையானை முதல் நாளே ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக் கூப்பிட்டாள். பதினொன்றில் ஒன்பது பொரித்தது. ஒன்று கூமுட்டை. இன்னொன்று பத்தொன்பதாம் நாள் பேசியது, இருபதாம் நாள் பேசவில்லை. மகளுக்கு அது எது என்று தெரியும், பென்சிலால் குறி போட்டிருந்தாள்.

மளிகைக்கடை முட்டைக்குள் யாரும் இருக்க மாட்டார்கள், அந்தப் பண்ணையில் சேவலே கிடையாது என்று அவளிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஆம்லெட்டுக்கு உடைக்கும் முன் இன்றும் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்க்கிறாள். அவள் அம்மா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.