வசனத்துக்கு அடியில் ஓடிய இசை

எங்கள் ராசிங்காபுரத்தில் திருவிழா என்றால், பந்தலுக்கும் முன்னால் ஊருக்குள் வந்து இறங்குவது மைக் செட்தான். வேப்பமரக் கிளையில் கூம்புக் குழாயைக் கட்டி, மேற்கே மலையைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். நடு இரவு தாண்டிப் பாட்டுகள் தீர்ந்த பிறகு செட்காரர் 'திருவிளையாடல்' கதை வசனத் தட்டை உறையிலிருந்து உருவுவார். தருமியின் புலம்பலைத் திண்ணையில் படுத்திருப்பவர்களும் கூடவே சொல்வார்கள். வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கோ, பேச்சு ஓய்ந்து அடுத்த பேச்சு தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நொடிகளில் எழுந்து அடங்கும் வாத்தியங்களின் மேல்தான் காது இருக்கும். அடுத்த வசனம் வந்து மூடிவிடும். அந்த இசையை மட்டும் தனியாகக் கேட்க ஒரு தட்டு கிடைக்குமா என்று அன்று தொடங்கிய தேடல், இந்தக் கட்டுரை வரை வந்திருக்கிறது.

தமிழ்த் திரைப்பாடல் பதிப்பிக்கப்பட்ட அளவுக்கு உலகில் வெகு சில மொழிகளின் பாடல்களே பதிப்பிக்கப்பட்டிருக்கும். அதே படங்களில், அதே இசையமைப்பாளர்கள், அதே கலைஞர்களை வைத்துச் செய்த பின்னணி இசைக்குப் பெரும்பாலும் முதல் பதிப்பே கிடையாது. பிறகு மறுபதிப்பு எங்கிருந்து வரும்?

ஒரு ராட்சதனின் இசை

இதில் ஜப்பானியர் நமக்குக் காட்டுவது நல்ல பாடம். 1954 நவம்பரில் தோஹோ நிறுவனம் 'காட்ஜில்லா'வை வெளியிட்டது. இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. இசை அகிரா இஃபுகுபே. வடகோடித் தீவான ஹொக்கைடோவில் 1914இல் பிறந்த இஃபுகுபே, சிறுவயதில் ஐனு பழங்குடியினரின் பாட்டையும் ஆட்டத்தையும் பார்த்து வளர்ந்தவர். படித்தது வனவியல், பார்த்தது வனத்துறை வேலை. இசையைப் பெரும்பாலும் தானே கற்றுக்கொண்டார்.

அந்தப் படத்தின் தலைப்பு இசையை நம் சுரத்தில் சொன்னால் ச நி த, ச நி த என்று மூன்று சுரங்கள் இறங்கி இறங்கி வரும். தாளம் நான்கும் ஐந்துமாக மாறி மாறி விழும், கூட்டினால் ஒன்பது. உருமிக்கும் தவிலுக்கும் பழகிய காதுக்கு அந்த நொண்டி நடை அந்நியமாகவே படாது. 1948இல் வயலினுக்காக எழுதிய ஒரு படைப்பில் அவர் முன்பே கையாண்ட மெட்டு அது. காட்ஜில்லாவின் உறுமலுக்கும் அவரே வழி கண்டார்: கான்ட்ராபாஸின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள்.

படம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 1970களின் இறுதியில், அங்கே இந்த இசை எல்.பி. தட்டுகளாக வரத் தொடங்கியது. உறையின் மேல் அவர்களும் நம்மைப் போலவே 'பி.ஜி.எம்.' என்றுதான் போட்டார்கள். 1983இல் இஃபுகுபே தன் ராட்சதப் பட இசையையெல்லாம் தொடுத்து மூன்று பகுதிகளாக மேடைக்கு எழுதித் தர, இசைக்குழு வாசித்தது. பிறகு குறுந்தகடுகள் வந்தன. அமெரிக்காவின் வேக்ஸ்வொர்க் ரெக்கார்ட்ஸ், 1954 முதல் 1975 வரையிலான 15 காட்ஜில்லா படங்களின் இசையை 18 தட்டுகள் கொண்ட ஒரே பெட்டியாகக் கொண்டுவந்தது. இஃபுகுபேயோடு மசாரு சாட்டோ, ரியிச்சிரோ மனாபே ஆகியோரின் இசையும் அதில் உண்டு. 2023இல் 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' வந்தபோது இஃபுகுபேயின் மெட்டு திரையரங்கில் மறுபடி எழுந்தது. அவர் காலமாகிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் மெட்டு சாகாமல் இருந்ததற்குத் தட்டுகளும் ஒரு காரணம்.

நம் பக்கம்

ராசிங்காபுரத்திலிருந்து மலையடிவாரச் சாலையில் தெற்கே போனால் தேவாரம் தாண்டிப் பண்ணைப்புரம். அங்கே 1943இல் பிறந்தவர் இளையராஜா. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக மலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடிய அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில்தான் அவருடைய இசைப் பயணம் தொடங்கியது. வனத்தின் ஓரத்தில் பிறந்து, உழைப்பாளிகளின் தாளத்தைக் காதில் வாங்கி, அதை மேல்நாட்டு வாத்தியக் குழுவுக்கு எழுதியவர்கள் என்ற வகையில் இஃபுகுபேயும் இவரும் எனக்கு ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவின் பாடல்கள் எல்.பி., கேசட், குறுந்தகடு, செயலி என்று ஒவ்வொரு வடிவத்திலும் பிறந்துகொண்டே இருக்கின்றன. பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 'சொல்லச் சொல்ல' என்ற தலைப்பில், 1977 முதல் 1983 வரையிலான அவருடைய மின்னணு ஒலிப் பாடல்களைத் தொகுத்து எல்.பி.யாகவே போட்டது. சரிகமவின் 'கார்வான்' பெட்டி தமிழில் வந்தபோது அதற்குள் 5,000 பாடல்கள் இருந்தன. அத்தனையும் பாடல்கள்.

வார்த்தையில்லாத இசையைத் தமிழர் வாங்க மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்குப் பதில் அதே காலத்தில் கிடைத்துவிட்டது. 1986இல் 'ஹவ் டு நேம் இட்', 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. இரண்டிலும் ஒரு பாட்டு வரி கிடையாது. இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அதே 1986இல் வெளிவந்த 'மௌன ராக'த்தின் பின்னணி இசையோ இன்றும் படத்துக்குள் இருந்தே கேட்கப்படுகிறது.

ஒலிச்சித்திரம் என்ற பெட்டகம்

நம்மிடம் செழித்த ஒரு வடிவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' போன்ற படங்களின் கதை வசனம் தட்டாக வந்தது. அகில இந்திய வானொலி முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஒலிச்சித்திரமாகத் தந்தது. 1984இல் 'விதி'யின் நீதிமன்ற வசன கேசட் டீக்கடை தோறும் ஓடியது. இவற்றைச் செய்தவர்கள் விற்க நினைத்தது வசனத்தை. ஆனால் படத்தின் ஒலித்தடத்தை அப்படியே எடுத்ததால், ஜி. ராமநாதனின், கே.வி. மகாதேவனின், சங்கர் கணேஷின் பின்னணி இசையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ்ப் பின்னணி இசையின் முதல் பதிப்பு என்று எதையாவது சுட்ட வேண்டுமென்றால் நான் இந்தத் தட்டுகளைத்தான் சுட்டுவேன். ஆய்வாளர்கள் இவற்றை நடிப்புக்காகவும் எழுத்துக்காகவும் கேட்டிருக்கிறார்கள்; இசைக்காக யாராவது உட்கார்ந்து கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும்.

ஏன் கிடைக்கவில்லை

ரீரெக்கார்டிங் நடந்த விதத்திலேயே காரணம் இருக்கிறது. படத்தை ரீல் ரீலாக ஓட்டிப் பார்த்து, இசையமைப்பாளர் அங்கேயே குறிப்பு எழுதி, வாத்தியக்காரர்கள் திரையைப் பார்த்து வாசிப்பார்கள். அது காந்தப் பூச்சுள்ள ஃபிலிமில் பதிவாகும். பிறகு வசனத் தடம், சத்தங்களின் தடம், இசைத் தடம் மூன்றையும் கலந்து ஒரே ஒலித்தடமாக்கி, பிரிண்டின் ஓரத்தில் ஏற்றுவார்கள். கலவை முடிந்தால் இசைத் தடத்துக்கு வேலை முடிந்தது. அந்தச் சுருளை அழித்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவதும் உண்டு, செலவு அப்படி. தப்பிப் பிழைத்த அசிடேட் சுருள்கள் வெக்கையிலும் ஈரத்திலும் காடி நாற்றம் அடித்துச் சுருங்கிப் போகின்றன.

பாடலுக்கு இந்தக் கதி நேரவில்லை. தட்டுக் கம்பெனிக்குக் கொடுப்பதற்காக அது தனியாகப் பதிவானது, தனியாக விற்கப்பட்டது. விலை இருந்த இடத்தில் பாதுகாப்பும் இருந்தது.

உரிமைச் சிக்கலையும் விட்டுவிட முடியாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964இல் வெளியான 'காதலிக்க நேரமில்லை' தட்டின் பதிவுரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் மெட்டின் உரிமை, படைத்தவர் காலமான பிறகும் 60 ஆண்டு. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து செய்த இசை என்பதால் கடைசியாக மறைந்தவரை வைத்துக் கணக்கு. விஸ்வநாதன் மறைந்தது 2015. ஆக, மெட்டு 2075 வரை காப்பில் இருக்கும். மறுபதிப்பு செய்ய நினைப்பவர் பதிவுக்கு ஒரு கதவையும் மெட்டுக்கு இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். பின்னணி இசைக்கோ படத்தின் தயாரிப்பாளர் அல்லது அவருடைய வாரிசு என்று மூன்றாவது கதவும் உண்டு.

கேட்பவர்கள் காத்திருக்கிறார்கள்

விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு எங்கள் ஊரிலிருந்தும் சிலமலையிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. வண்டிக்கு வண்டி பென் டிரைவ். அதில் 'பி.ஜி.எம்.' என்று ஒரு தனி அடைவு இருக்கும். படத்திலிருந்து யாரோ ஒரு ரசிகர் வெட்டி எடுத்தவை. இசை ஏறிக்கொண்டே வரும்போது நடுவில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்கும், குருவி கத்தும், கதாநாயகி ஒரு பெருமூச்சு விடுவாள். கொண்டை ஊசி வளைவுகளில் தூக்கம் கலையாத முகங்களோடு எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். பெயர் தெரியாத இந்த ரசிகர்கள்தான் இன்று தமிழ்ப் பின்னணி இசையின் பதிப்பாளர்கள். புதிய படங்களின் பின்னணி இசையை நிறுவனங்களே தனித் தொகுப்பாக வெளியிடத் தொடங்கியிருக்கின்றன. அந்த நல்ல பழக்கம் பழைய படங்களை நோக்கியும் திரும்ப வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. வேற்று மொழிக்கு மாற்றப்பட்ட படங்களுக்கு, வசனம் நீக்கிய இசையும் சத்தமும் கொண்ட தடம் தேவைப்பட்டது. தயாரிப்பு அலுவலகங்களின் பரண்களில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இந்தத் தேடலுக்கு இயல்பான வீடுகள். சுருள் அறவே இல்லாத இடத்தில், இஃபுகுபே காட்டிய வழி இருக்கிறது: குறிப்பை மீட்டெடுத்து மறுபடி வாசிப்பது. வி.எஸ். நரசிம்மனின் வயலின், புருஷோத்தமனின் டிரம்ஸ், சதானந்தத்தின் கிட்டார், அருண்மொழியின் குழல் என்று இளையராஜாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலித்தவற்றை, கூட இருந்து வாசித்தவர்களின் நினைவும் கைப்பழக்கமும் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இதில் தாமதத்துக்கு இடமில்லை.

முதல் தட்டுக்கு எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால் 1979இல் வந்த 'உதிரிப்பூக்கள்' என்பேன். பேச்சைக் குறைத்து, மகேந்திரன் இசைக்கு இடம் விட்டு எடுத்த படம் அது. காட்சி வரிசைப்படி ஒவ்வொரு துண்டுக்கும் எண் இட்டு, வாசித்தவர்கள் பெயரையெல்லாம் உறையில் அச்சிட்டு வந்தால், முதல் பிரதியை எங்கள் ஊர் மைக் செட்காரரிடம் கொடுப்பேன். திருவிழா இரவில், வசனம் வந்து மூடாமல், அந்த இசை முழுதாக மலை வரை போய் வரட்டும்.