திருப்தியை அளப்பவர்கள்

‘வாழ்க்கைத் தரம்’ என்ற சொற்சேர்க்கைமீது எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. குப்பை அள்ளும் நகராட்சித் தொழிலாளர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஆய்வுகளைப் படிக்கையில் அது இன்னும் கூடுகிறது. இவ்வகை ஆய்வுகளில் அடிக்கடி கையாளப்படுவது உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் கொண்ட சுருக்கப் படிவம். உடல், மனம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கு களங்கள். கடந்த இரண்டு வாரங்களில் எப்படி இருந்தீர்கள்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வரும் அம்மாவிடம் படிவத்தில் உள்ள கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். உங்கள் சுற்றுப்புறம் எவ்வளவு ஆரோக்கியமானது? அவர் சிரித்துவிட்டார். “என்னா சார் இது... எல்லாம் பழகிப்போச்சு” என்றார். இந்தப் ‘பழகிப்போச்சு’க்கு நான் எந்த எண்ணைப் போடுவது? மூன்றா, நான்கா? எதைப் போட்டாலும் அந்தச் சொல்லுக்குள் கிடக்கிற வருஷங்கள் காணாமல் போய்விடும்.

நீண்டகாலமாக இல்லாமையில் வாழ்பவர்கள் தங்கள் ஆசைகளையே அதற்கேற்பச் சுருக்கிக்கொள்கிறார்கள், ஆகவே மனநிறைவை நலத்தின் அளவுகோலாகக் கொள்ள முடியாது என்று அமர்த்தியா சென் வாதிட்டிருக்கிறார். நான் இன்னும் ஓர் அடி போக விரும்புகிறேன். படிவம் தன் முன்னால் நிற்பவரைச் சாதியற்ற, வரலாறற்ற ஒரு தனிநபராகக் கட்டமைக்கிறது. இந்த வேலை ஏன் குறிப்பிட்ட சில சாதிகளின் தலையிலேயே விடிகிறது என்பதற்கு அந்த 26 கேள்விகளில் இடமில்லை. முதுகுவலியைக் கேட்கலாம், தூக்கத்தைக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும், அந்த எண்கள் கையுறைக்கும் மருத்துவத்துக்கும் உதவும். ஆனால் வலியைக் கேட்டுவிட்டு, வலி யாருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்காமல் விடுவதும் ஓர் அரசியல்தான்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் நடந்தது இதற்குச் சாட்சி. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்குக் கைமாறியதை எதிர்த்துத் தொழிலாளர்கள் 13 நாட்கள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கூலி குறையக் கூடாது, வேலை நிரந்தரமாக வேண்டும் என்பது கோரிக்கை. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு நலத்திட்டங்களை அறிவித்தது: இலவசக் காலை உணவு, காப்பீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு கிளம்புகிறவர்களுக்குச் சாப்பாடு சின்ன விஷயமல்ல, அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. ஆனால் அவர்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. உரிமையைக் கேட்டவர்கள் ஒரே இரவில் பயனாளிகளாக மாற்றப்பட்டார்கள். இனி யாராவது படிவத்தோடு போனால் எண் கொஞ்சம் கூடவே செய்யும். நிரந்தர வேலை என்ற கோரிக்கை அந்த எண்ணில் எங்கேயும் தெரியாது.

தகழியின் ‘தோட்டியின் மகன்’ நாவலில் வரும் சுடலைமுத்துவை இங்கே நினைத்துக்கொள்கிறேன். தன் மகன் தோட்டியாகிவிடக் கூடாது என்பதுதான் அவனுடைய வெறி. மகனுக்கு மோகனன் என்று பேர் வைக்கிறான். அந்தப் பேரையே ஊர் பொறுக்கவில்லை. தோட்டியின் வாழ்க்கை இன்னும் கொஞ்சம் தரமாக வேண்டுமென்பதல்ல அவன் கனவு. அதிலிருந்து வெளியேற வேண்டும், அவ்வளவே. 1947இல் வந்த நாவல் கேட்ட கேள்வியை நம் படிவங்கள் இன்னும் கேட்கவில்லை.

நானென்றால் 27ஆவதாக ஒரு கேள்வியைச் சேர்ப்பேன்: உங்கள் பிள்ளை இந்த வேலைக்கு வரட்டுமா? இதற்கு ஐந்து எண்கள் வேண்டாம். அந்த அம்மாவிடம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.