இரட்டை நாக்கு: லூசி ப்ளூ ட்ராம்ப்ளேயின் பாட்டு

இருமொழிப் பாடகர் என்றதும் நம்ம ஆட்கள் உடனே 'பாலம்' என்பார்கள். பாலத்தை மிதித்துக்கொண்டு போவது யார் என்று கேட்கமாட்டார்கள். மான்ட்ரியலைச் சேர்ந்த லூசி ப்ளூ ட்ராம்ப்ளே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தானே எழுதிப் பாடியவர். தான் லெஸ்பியன் என்பதை மறைக்காதவர். அவரை வாசிக்க இந்தப் 'பாலம்' உதவாது.

1977இல் கியூபெக் சட்டமன்றம் இரண்டு காரியம் செய்தது. ஆகஸ்டில், அரசு, வேலை, கடைப்பலகை எல்லாவற்றுக்கும் பிரெஞ்சே பொதுமொழி என்ற சாசனம். டிசம்பரில், பாலீர்ப்பைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்ற உரிமைத் திருத்தம். ஒரே வருஷம், ஒரே அவை. ஆனால் தனித்தனி ஏடு. மொழி மீட்பின் கதையாடலோ பாலின் ஜூலியன் போன்ற குரல்கள் இருந்தும் லெக்லெர்க், விக்னோ என்று ஆண்களையே மையத்தில் வைத்தது. லெஸ்பியனுக்கு அங்கே ஏது இடம்?

இடம் கிடைத்தது எல்லைக்கு அந்தப் பக்கம். 1973இல் அமெரிக்கப் பெண்கள் கூட்டாகத் தொடங்கிய ஒலிவியா ரெக்கார்ட்ஸ், 1986இல் அவருடைய முதல் இசைத்தட்டையும் 1989இல் 'தாந்த்ரெஸ்' என்ற தட்டையும் வெளியிட்டது. பெண்களே பதிவுசெய்து, பெண்களே விற்று, பெண்களே கேட்டார்கள். சின்ன விஷயமா இது? ஆனால் அந்த மேடையின் மொழி ஆங்கிலம். அர்த்தம் புரியாத காதில் அவருடைய பிரெஞ்சு வெறும் இனிமையாகக் கரைந்துவிடும். சொந்த ஊரிலோ ஆங்கிலம் ஆதிக்கத்தின் மொழி. அப்ப, முழுசா அவரைக் கேட்டது யாரு?

விஷயம் இலக்கணத்திலும் இருக்கிறது. பிரெஞ்சில் 'மொனாமி' என்று பாடினால் தோழனா தோழியா என்பது காதுக்குத் தெரியாது. எழுத்தில்தான் பெண்பால் விகுதி தெரியும். ஆங்கில 'யூ' எழுத்திலும் வாய் திறக்காது. 'ஷீ' என்றதுமே எல்லாம் வெட்டவெளிச்சம். மொழிக்கு மொழி ஒளிகிற இடம் வேறு, வெளியே வருகிற வாசல் வேறு. சக லெஸ்பியன் பாடகர் ஃபெரன் ஆங்கிலத்தில் எழுதிய பிரிவுப்பாட்டை ட்ராம்ப்ளே பிரெஞ்சில் பாடியதை இப்படித்தான் கேட்கவேண்டும். அது வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. அந்தக் காதலை இன்னொரு சமூகத்தின் காதுக்கு முன் மறுபடியும் நிறுத்துவது. வெளிப்படுதல் ஒருமுறையோடு முடிகிற சடங்கல்ல என்பதை இருமொழிக்காரர் பாட்டுக்குப் பாட்டு அனுபவிக்கிறார்.

மொழி அரசியல், பால் அரசியல் இரண்டும் பேசுகிறவர்கள் நாம். ஒவ்வொரு மேடையும் அவருடைய எந்தப் பாதியை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கச் சொன்னது? அந்தக் கேள்வியைக் கேட்காமல் 'பன்மை' என்று பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை.